புளி தின்ற டிராக்டர்

நின்றுபோன வண்டியை எழுப்ப உங்களைக் கூப்பிட்டால், பெட்டியைத் திறந்து ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் அங்கே இருக்கிறவர்களோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள். சிரிக்காதீர்கள். பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். டீசல் பம்பை எப்படிக் கழற்றுவது, வால்வை எப்படி உட்காரவைப்பது என்பதையெல்லாம் கை தானாகக் கற்றுக்கொள்ளும். அதற்கு நான் வேண்டியதில்லை. வண்டியைப் பற்றிய உண்மை யார் வாயில் இருக்கிறது, அது வெளியே வருமா வராதா என்பதுதான் நம் தொழிலில் பெரிய பாடு. ஜவ்வாது மலையில் ஒரு டிராக்டர் எனக்கு இதைக் காட்டிக்கொடுத்தது. காட்டிக்கொடுத்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கொஞ்சம் விட்டிருந்தால் என் உயிரையே வாங்கியிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. அப்போது நான் வாணியம்பாடியில் ஒரு பட்டறையில் மேஸ்திரி. வாயும் கையும் ஒரே வேகத்தில் ஓடுகிற வயசு. புளி மண்டி வைத்திருந்த பாய் ஒருவர் ஒருநாள் காலையில் பட்டறை வாசலில் வந்து நின்றார். பல வருஷங்களுக்கு முன்னால் இவர் ஜவ்வாது மலைமேல் நிலம் குத்தகைக்கு எடுத்து, பழத்தோட்டம் போடும் ஆசையில் ஒரு டிராக்டரைக் கலப்பையோடு வாங்கி மேலே ஏற்றியிருந்தார். தோட்டமும் தேறவில்லை, குளிர் தாங்காமல் டிரைவரும் ஓடிவிட்டார். வண்டியை மலைமேலிருந்த தன் புளிக்கிடங்கில் தள்ளிப் பூட்டியதோடு சரி, பாய் அதை மறந்தே போய்விட்டார்.

"அத்த எழுப்பணும் மேஸ்திரி," என்றார்.

"இன்னா பாய், திடீர்னு? மறுபடியும் தோட்டமா?"

"தோட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். மேல மாடெல்லாம் செத்துப்போச்சுப்பா. ஊர்க்கவுண்டர் எறங்கி வந்து கடை வாசல்ல நின்னுக்கினு அழுவறாரு. பெரிய மனுசன் அழுதா எப்படிப் பாத்துக்கினு இருக்கறது?"

அந்த வருஷம் வெக்கை நோய் வந்து மலையில் உழவு மாடுகளை வாரிக்கொண்டு போயிருந்தது. ஆனி மாத மழை விழுந்து மண் நனைந்துவிட்டது. அந்த ஈரம் காய்வதற்குள் உழுது சாமை விதைத்தால்தான் அடுத்த வருஷம் வரைக்கும் சோறு. ஏர் இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், இழுக்க மாடு இல்லை. அந்த ஊரில் மாடு இல்லாமல் உழக்கூடிய ஒரே ஜீவன் பாயின் புளிக்கிடங்குக்குள் கிடந்தது.

புளி ஏற்றப் போகிற பாயின் லாரியிலேயே நானும் தொற்றிக்கொண்டேன். ஆலங்காயம் தாண்டி, காட்டு வழியில் குலுங்கிக் குலுங்கி மேலே போய்ச் சேர்ந்தபோது என் எலும்பெல்லாம் தனித்தனியாக ஆடியது. கிடங்கின் முன்னால் ஊரே நின்றது. ஊர்க்கவுண்டர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்குப் பின்னால், அவரையே இடித்துத் தள்ளிக்கொண்டு ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயசைத் தாண்டியிருக்கும், கணீரென்ற குரல், இடுப்பில் சாவி. பெயர் காளியம்மா. புருஷன் இறந்தபின் பாயின் கிடங்கைப் பார்த்துக்கொள்வது அவர்தான்.

உட்கார்ந்ததும் ஒரு டம்ளர் வெல்லக் காப்பி கொடுத்தார். நான் ஒன்றும் கேட்காமலேயே தன் கதையைச் சொன்னார். அவருடைய இரண்டு மாடுகளும் போய்விட்டன. வீட்டில் விதைச்சாமை ஒரு பானை இருக்கிறது. தின்ன வேறு எதுவும் இல்லை.

"பேரப்பசங்க அந்தப் பானையையே பாத்துக்கினு கீறாங்க தம்பி. அதான் வாயை மண்ணு வெச்சி பூசிட்டேன். இந்த ஈரத்துல வெதைக்கலன்னா, பூச்சை ஒடைச்சி வெதையத்தான் திங்கணும். வெதையத் தின்னுட்டா அப்புறம் இன்னா கீது? ஆலங்காயம் பக்கம் கூலிக்கு எறங்க வேண்டியதுதான்."

அழாமல்தான் சொன்னார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

கிடங்கைத் திறந்தார்கள். உப்புப் போட்டு இடித்துக் கட்டிகட்டியாக அடுக்கிய புளிக்கு நடுவே வண்டி நின்றிருந்தது. புளியும் உப்பும் சேர்ந்த காற்று இரும்பை என்ன பாடு படுத்தும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்கார்டு கையை வைத்தால் அப்பளமாக நொறுங்கியது. ஆனால் அதன் நெற்றியில் சந்தனம், விளக்குகளுக்குக் குங்குமம், ஸ்டியரிங்கில் காய்ந்துபோன மாலை.

"இன்னாம்மா இது, சாமியாட்டம் ஜோடிச்சி வெச்சிருக்கீங்க?"

"பின்ன? பொங்கலுக்கு ஏருக்கும் மாட்டுக்கும் படைக்கிறோம். இதுவும் உழவு ஓட்டுற ஜென்மம்தானே, இது மட்டும் பட்டினி கெடக்கணுமா? வருசா வருசம் இலுப்பெண்ணெ குடுத்திருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. "எங்க குடுத்தீங்க?"

"வாயிலதான். வேற எங்க குடுப்பாங்க?" என்றார், இப்படியும் ஒருத்தன் கேட்பானா என்கிற மாதிரி. எஞ்சினுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயைக் கைகாட்டினார். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயை அதற்குள் விட்டு, எண்ணெயைச் சரித்திருக்கிறார். ஒவ்வொரு பொங்கலுக்கும், ஒரு வருஷம் தவறாமல்!

கவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "அட பாவி! மிஷினுக்கு மருந்தா புகட்டின? யாரக் கேட்டு செஞ்ச?"

"நீ உன் மாட்டுக்கு யாரக் கேட்டுப் புகட்டின?" என்று காளியம்மா திருப்பிக் கேட்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, மேலே பேச்சு வளராமல் பார்த்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லப் போனால் எனக்கு அந்தம்மாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. எண்ணெய் உள்ளே இருப்பது தெரியாமல் ஹேண்டிலைச் சுற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சிலிண்டருக்குள் எண்ணெய் நிறைந்திருந்தால் பிஸ்டன் மேலே போக இடமிருக்காது. ராடு வளைந்து, எல்லாம் முடிந்திருக்கும்.

இங்கேதான் முதல் நெருக்கடி. ஊருக்கு அவசரம். வானம் வேறு வெளிவாங்கி வெயில் அடிக்க ஆரம்பித்திருந்தது. டிராக்டரை லாரியில் கட்டி இழுக்க லாரி டிரைவர் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "கட்டி இஸ்தா ஒரே நிமிசத்துல ஸ்டார்ட் ஆய்டும் மேஸ்திரி," என்றார். கவுண்டரும் பத்துப் பேரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். இஸ்துடலாம், இஸ்துடலாம் என்று ஒரே சத்தம். உங்களுக்கும் இப்படி நேரும். சுற்றி நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைச் சொல்லும்போது அது சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். தோன்றட்டும். கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

"கயிறக் கட்டுறவங்க வண்டியையும் அவங்களே ஓட்டிக்கங்க. நான் நடந்தே கீழ எறங்கறேன்," என்றேன். கயிறு லாரிக்குத் திரும்பிப் போனது.

டீசல் பீச்சும் நாசில்களைக் கழற்றினேன். காற்றை வடிகட்டும் கிண்ணத்தை இறக்கினேன். இலுப்பெண்ணெய் மலைக் குளிரில் வெண்ணெயாக உறைந்து அதில் முழுக்க அப்பியிருந்தது. வழித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். குழாய்க்குள் விரல் எட்டுகிற வரை துடைத்தேன். சிலிண்டருக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்துவிட்டு, மறுநாள் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகத் தள்ளினேன். அசைந்தது! நாசில் ஓட்டை வழியாக எண்ணெய் பீச்சியடித்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்த கவுண்டரின் மீசையை நனைத்தது.

"யம்மா காளியம்மா," என்று கத்தினேன், "நீங்க எண்ணெ குடுக்கலன்னா இந்தப் பிஸ்டன் துருப்புடிச்சி செத்தே போயிருக்கும்!" காளியம்மா கவுண்டரை ஒரு பார்வை பார்த்தார். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாவற்றையும் மாட்டி, புது டீசல் ஊற்றி, வண்டியை முற்றத்துக்குத் தள்ளிவந்தோம். காளியம்மா கற்பூரத் தட்டோடு தயாராக நின்றார். இரண்டு சிலிண்டர் வண்டி, பாட்டரி தேவையில்லை. ஹேண்டிலை நான் சுற்ற, லாரி டிரைவர் நான் சொன்ன நேரத்தில் சிலிண்டரில் அழுத்தத்தைக் கட்டும் லீவரைப் போட்டார். இருமியது. அடங்கியது. மறுபடி சுற்றினேன். கரும்புகையைக் கக்கிக்கொண்டு டுப் டுப் என்று பிடித்துக்கொண்டது பாருங்கள், ஊரே கூவியது. கவுண்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. எனக்கும் நெஞ்சு நிறைந்துபோனது. அதை ஒளிக்க மாட்டேன்.

கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடியது. எஞ்சின் சூடேறியது. அப்புறம் யாரும் தொடாமலேயே சத்தம் ஏறியது.

முதலில் யாருக்கும் புரியவில்லை. வண்டி குஷியில் பாடுகிறது என்று நினைத்தார்கள். நான் டீசலை நிறுத்தும் லீவரை இழுத்தேன். நிற்கவில்லை. இன்னும் ஏறியது. கரும்புகை வெள்ளைப் புகையானது. டுப் டுப் போய் ஒரே ஊளையாக மாறியது. தரை அதிர்ந்தது. அந்தப் புகையில் கோயில் விளக்கு எரிகிற வாசனை வந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குழாயின் வளைவுக்கு அப்பால், என் விரல் எட்டாத இடத்தில் உறைந்திருந்த இலுப்பெண்ணெய் சூட்டில் உருகி உள்ளே போகிறது. டீசல் எஞ்சினுக்கு எந்த எண்ணெய் கொடுத்தாலும் தின்னும். நான் டீசலை நிறுத்தினால் என்ன, அதற்குத்தான் வேறு சாப்பாடு கிடைத்துவிட்டதே! இருக்கிற எண்ணெய் தீருகிற வரைக்கும் வேகம் ஏறிக்கொண்டே போகும். அதற்குள் எஞ்சின் வெடித்துச் சிதறும்.

"ஓடுங்க! எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தினேன்.

கியரைப் போட்டு எஞ்சினை மடக்கி நிறுத்தலாமா? பிரேக் பிடிக்காது. நேர் எதிரே கிடங்கு வாசல், உள்ளே புளி தூக்குகிற பெண்கள். முடியாது. காற்றை அடைக்க வேண்டும், அது ஒன்றுதான் வழி. சாக்கு? அதன் வழியாகவே காற்று போய்விடும். கையை வைத்தால் கை மிஞ்சாது. அப்போது லாரியில் ஏற்ற அடுக்கியிருந்த புளிக்கட்டிகள் கண்ணில் பட்டன. பிசுபிசுப்பாக, கனமாக, காற்றுப் புகாத பொருள். அதைவிட நல்ல மூடி இந்த உலகத்திலேயே கிடையாது.

"புளி! புளியக் கொண்டாங்க! வாயில வைங்க!"

எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தார்கள். காளியம்மா மட்டும் ஓடவில்லை. கற்பூரத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, தலையளவு ஒரு கட்டியை வாரிக்கொண்டு வந்தார். நான் பாதி பிடிக்க, அவர் பாதி பிடிக்க, இரண்டு பேருமாக அதைக் குழாய் வாயில் அழுத்தினோம். எஞ்சின் அதை உறிஞ்சி இழுத்தது. கட்டி உள்ளே இறங்குவது கையில் தெரிந்தது. விடாமல் அழுத்தினோம். ஊளை தடுமாறியது, திணறியது, ஒரு உதறு உதறிவிட்டு நின்றது.

நான் வண்டியைச் சுற்றிவந்து பார்த்தேன். எஞ்சின் முழுசாக இருந்தது. மனிதர்களும் முழுசாக இருந்தோம்.

நமக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை அதோடு முடிந்தது. ஆனால் அன்றைக்கு எனக்கு வைத்திருந்த பரீட்சை அதற்குப் பிறகுதான் வந்தது.

பயம் போனதும் ஊருக்குக் கோபம் வந்தது. பயந்த மனுஷனுக்கு யாரையாவது திட்டியாக வேண்டும். கவுண்டர் கெட்ட மனிதர் இல்லை. ஊர் பட்டினி கிடக்குமே என்று தூக்கமில்லாமல் அலைந்தவர். ஆனால் அந்த நேரத்தில் முகம் சிவந்து, காளியம்மாவை நோக்கிக் கையை நீட்டினார்.

"இவளாலதான். இவ எண்ணெய ஊத்தி ஊரையே அழிக்கப் பாத்துட்டா. வண்டி ஓடினாலும் சரி, இவ கொல்லையில எறங்கக் கூடாது. ஊர் சார்பா சொல்றேன்."

கொல்லை என்றால் அந்தப் பக்கத்தில் விளைநிலம். சுற்றி நின்ற தலைகள் ஆடின. அவ்வளவு நேரம் வாய்க்கு வாய் பேசிய அந்தம்மா தலையைக் குனிந்துகொண்டார். கையிலிருந்த புளியைப் புடவையில் துடைத்துக்கொண்டார். கிடங்குச் சாவியை இடுப்பிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்தார். மண் பூசிய அந்தப் பானை என் கண்முன்னால் வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர்க்கவுண்டரிடம் வெளியூர்க்காரன் குரல் உயர்த்தக் கூடாது என்பதெல்லாம் மறந்துபோனது.

"கவுண்டரே, எண்ணெ உள்ள கீதுன்னு எனக்குச் சொன்னது யாரு? இந்தம்மாதான். கேட்டுக்கினு ஸ்டார்ட் பண்ணது யாரு? நான். வெடிக்கப் போற மிஷின்கிட்ட ஓடியாந்தது யாரு? நீங்க எங்க இருந்தீங்க, சொல்லுங்க பாக்கலாம்?"

கவுண்டர் அப்போது முற்றத்துப் புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். எல்லாருக்கும் தெரியும். யாரோ கிக்கென்று சிரித்தார்கள்.

குரலைத் தணித்துக்கொண்டு சொன்னேன். "உண்மையச் சொன்னவங்கள இன்னிக்கு அடிச்சீங்கன்னா, நாளைக்கு இந்த வண்டில இன்னா ஆனாலும் ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. அப்புறம் எந்த மேஸ்திரி வந்தும் பிரயோஜனம் இல்ல. வண்டிய நாளைக்கு நான் ஓடவெக்கறேன். ஆனா மொதல் உழவு இந்தம்மா கொல்லையில. இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கங்க."

வேறு ஆள் எங்கே இருக்கிறான்? அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "சாவிய இடுப்புல செருவு," என்றார் காளியம்மாவைப் பார்க்காமல். அவ்வளவுதான் அவர் சொன்னது. அது போதும்.

குழாயை அடிவரை கழற்றிப் புளியையும் எண்ணெயையும் சுரண்டி எடுத்தேன். கவுண்டரே பக்கத்தில் உட்கார்ந்து குச்சி சீவிக் கொடுத்தார். மறுநாள் வண்டி சாதுவாக ஓடியது. நானே ஓட்டிப்போய் காளியம்மாவின் கொல்லையில் இறக்கினேன். அந்தம்மா வீட்டுக்குள் போய்ப் பானையைக் கொண்டுவந்து, வரப்பில் வைத்து, கல்லால் தட்டி மண் பூச்சை உடைத்தார். பேரப்பிள்ளைகள் ஆவலாக எட்டிப் பார்த்தார்கள். "திங்கறதுக்கு இல்லடா, வெதைக்கறதுக்கு," என்றார். அப்போதுதான் அழுதார். வண்டிச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது, எனக்குத் தெரிந்தது.

கொல்லை முடிந்து இறங்கியதும் கேட்டேன். "ஏம்மா, எல்லாரும் ஓடறாங்க, உங்களுக்குப் பயமே இல்லியா? நான் புளின்னு கத்தினதும் எப்படி உடனே புரிஞ்சிது?"

"இதுல புரியறதுக்கு இன்னா கீது? இத்தினி வருசம் குடிச்ச எண்ணெ ஒரே நேரத்துல தலைக்கேறிடுச்சு. ஊளை வுடுது. போதை தலைக்கேறினவனுக்குப் புளியத்தான் வாயில வெப்பாங்க. எங்க வூட்டுக்காரருக்கு எத்தினி வாட்டி வெச்சிருப்பேன்!"

நான் வரப்பிலேயே உட்கார்ந்து, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அடுத்த ஆனி மாதம் வண்டியைச் சரிபார்க்க மறுபடியும் லாரியில் போனேன். ஊருக்கு வெளியே, பாதை திரும்புகிற இடத்திலேயே கவுண்டர் தனியாக நின்று கையைக் காட்டினார். இறங்கினேன். துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"மேஸ்திரி, வண்டிகிட்ட போறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன். ரேடியேட்டர் ஒழுவிச்சு. அடைக்கட்டும்னு கேவுரு மாவு கரைச்சி ஊத்திட்டேன்."

"எவ்ளோ ஊத்தினீங்க?"

"ஒரு மொடா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவசரமாகச் சொன்னார். "காளியம்மாதான் சொல்லச் சொன்னா. சொல்லிட்டா மேஸ்திரி அடிக்க மாட்டாரு, மறைச்சாதான் வண்டி அடிக்கும்னா."

அவர் சொல்லாமல் விட்டிருந்தால் நான் தண்ணீர் மட்டம் பார்த்துவிட்டு நேராக உழவுக்கு இறக்கியிருப்பேன். அரைக் கொல்லை ஓடுவதற்குள் எஞ்சின் கொதித்து வெடித்திருக்கும். ரேடியேட்டரைத் திறந்தேன். உள்ளே கேழ்வரகுக் களி. ஒழுகல் என்னவோ நின்றுதான் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும்.

கழுவி முடிக்க அந்தப் பகல் முழுக்கப் போனது. ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்தவர் கவுண்டர், வேறு யாரையும் குடத்தைத் தொட விடவில்லை. காளியம்மா கிடங்குப் படியில் சாவியோடு உட்கார்ந்துகொண்டு, வருகிற குடத்துக்கெல்லாம் அவரை ஒரு திட்டு திட்டினார். யாரும் அந்தம்மாவை வாயை மூடச் சொல்லவில்லை.